பொம்மைக்குப் போன கால்

ஏஞ்சலினுக்குக் கோபம் வந்தால் முதலில் கை பேசும், வாய் அப்புறம்தான். பத்தாம் வகுப்பில் பின்னலைப் பிடித்து இழுத்த ஒருவனின் மூக்கை ஜியாமெட்ரி பாக்ஸால் உடைத்தாள். வத்தலக்குண்டு சாலையில் கிரில் கேட் பட்டறை வைத்திருந்த அவளுடைய அப்பா அருளப்பனைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். கரி படிந்த கையோடு வந்து நின்ற மனிதர் பெண்ணைத் திட்டுவார் என்று பார்த்தால், "மூக்கு நேராத்தான ஒட்டிருச்சு, டீச்சர்?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் வளர்ந்தவள் பேங்க் பரீட்சை எழுதுவாள், டீச்சர் ஆவாள் என்றெல்லாம் கனவு கண்ட சொந்தக்காரர்களை என்ன சொல்வது. அவள் கப்பலுக்குப் போனாள்.

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. ஆத்தூர் அணையைத் தவிரப் பெரிய தண்ணீரை அவள் கண்ணால் கண்டதும் கிடையாது. "பொட்டப்புள்ளைக்கு நடுக்கடல்ல என்ன வேல?" என்று கேட்ட சித்தப்பாவிடம், "மூக்கு ஒடைக்கிற வேல" என்றாள். அவர் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

படித்து, பயிற்சி முடித்து, படிப்படியாக ஏறி, சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர் ஆனாள். கப்பல் போகிற வழியை வரைபடத்தில் குறிப்பதும் மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதும் அந்தப் பதவிக்காரரின் பொறுப்பு. சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது என்பது கரையில் இருக்கிற பலருக்குத் தெரியாது. பல்வலியிலிருந்து நெஞ்சுவலி வரை யாருக்கு என்ன வந்தாலும் ஏஞ்சலின்தான் பார்க்க வேண்டும்.

கோதுமை ஏற்றிக்கொண்டு செங்கடல் வழியாகப் போகவிருந்த ஒரு கப்பலில் அவள் ஏறிய அன்றைக்கே சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏலே, இன்னைக்கி என்னடா வெஞ்சனம்?" அது ஏஞ்சலினின் ஊர்ப் பேச்சு. ஓடிப்போய்ப் பார்த்தால், ஒருவன் ஆத்தூர்ப் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரர் மகன் மலைச்சாமி, மேல்தளத்தில் வேலை பார்க்கும் மாலுமி. இன்னொருவன் திண்டுக்கல் டவுன்காரன் கிறிஸ்துராஜ், இஞ்சின் ரூமில் எண்ணெய் போடும் ஆயிலர். இரண்டு பேரும் சேர்ந்து பயிற்சி எடுத்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகம். ஊர்க்காரி ஒருத்தி ஆபீசராக வந்திருக்கிறாள் என்றதும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் இருக்கும்போது "மேடம்" என்பார்கள். யாரும் இல்லாதபோதும் "மேடம்" என்றுதான் சொல்வார்கள், ஆனால் அதில் கொஞ்சம் ஊர் கலந்திருக்கும்.

அந்தக் கடலில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கப்பலில் இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். சண்டை போடுகிறவர்களுக்குக் கொடி உண்டு, பாட்டு உண்டு, செத்தால் சிலை உண்டு. கோதுமை ஏற்றிப் போகிறவனுக்கு ஒரு ஹெல்மெட்டும் ஒரு லைஃப் ஜாக்கெட்டும் உண்டு. அதையும் அவனே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த உத்தரவுகளில் ஒன்று, கப்பலின் ஓரங்களில் மனிதப் பொம்மைகளைக் கட்டி வைக்க வேண்டும் என்பது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நிறையப் பேர் காவல் நிற்பதாகத் தெரியுமாம். கடற்கொள்ளைக்காரர்கள் காலத்து யோசனை. ஆளே இல்லாமல் குண்டைச் சுமந்துகொண்டு தானாக ஓடிவந்து மோதுகிற படகு, பொம்மையைப் பார்த்தா பயப்படப்போகிறது?

ஆனால் உத்தரவு உத்தரவுதான். அந்த வேலை மலைச்சாமிக்கு வந்தது. சோளக்கொல்லையில் பொம்மை கட்டிக் கைதேர்ந்தவன் அவன். உடம்பு முழுக்க மூடுகிற வேலை உடுப்பான பாய்லர் சூட்டில் ஆளுக்கொரு பழையதை வாங்கி, உள்ளே அறுந்த கயிறும் கழிவுத் துணியும் திணித்து, தலைக்கு வாளி கவிழ்த்து, ஹெல்மெட் மாட்டி, ஒரு தோளைச் சற்றே தாழ்த்தி நிறுத்தினான். பார்த்தால் ராத்தூக்கம் கெட்டவன் அலுத்துப்போய் நிற்பதுபோலவே இருக்கும். துவைக்கப் போட்டால் மாறிவிடக்கூடாது என்று எல்லாருடைய சூட்டிலும் முதுகில் பெரிய எழுத்தில் பெயர் அடித்திருக்கும். அதை அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்தளத்தில் நின்ற பொம்மையின் முதுகில் கிறிஸ்துராஜ் பெயர் இருந்தது.

"மாப்ள, நான் கீழ தூங்கும்போதும் எம்பேரு மேல டூட்டி பாக்குதுடா" என்று கிறிஸ்துராஜ் அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான்.

முதல் படகு மோதியபோது காலை வெயில் ஏறியிருந்தது. இஞ்சின் ரூம் இருக்கும் பக்கத்தில் இடித்து வெடித்தது. கப்பல் முழுவதும் ஒருமுறை தூக்கிப் போட்டதுபோல அதிர்ந்தது. மேலே கப்பலை ஓட்டும் அறையில் நின்றிருந்த ஏஞ்சலின், கண்ணாடி நொறுங்கி முகத்தில் விழுந்ததைக்கூட அப்புறம்தான் உணர்ந்தாள். கீழே சாப்பாட்டு அறையில் எல்லாரும் கூடித் தலை எண்ணினார்கள். கிறிஸ்துராஜைக் காணோம். இஞ்சின் ரூமில் கரும்புகை. செகண்ட் இஞ்சினியர் முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு, அவனைத் தேடிக் கீழே இறங்கக் கதவில் கை வைத்துவிட்டார்.

அந்த நேரம் ஏஞ்சலின் பைனாகுலரைப் பின்பக்கம் திருப்பினாள். பின்தளத்தில், புகைக்கு நடுவில், ஒருவன் குப்புறக் கிடந்தான். புகை விலகிய ஒரு நொடியில் முதுகில் இருந்த பெயரைப் படித்தாள்.

வாக்கி டாக்கியில் கத்தினாள். "கிறிஸ்துராஜ் பின்னாடி டெக்ல கெடக்கான்! கீழ தேட வேணாம்! பின்னாடி யாரு பக்கத்துல இருக்கா?"

"நான் இருக்கேன் மேடம்" என்றது மலைச்சாமியின் குரல்.

"ஓடுங்க மலைச்சாமி! அவனத் தூக்கிட்டு வந்துருங்க!"

செகண்ட் இஞ்சினியர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தீயணைக்கும் பம்பைப் பார்க்கப் போனார். மலைச்சாமி ஓடினான். பாதித் தளம் தாண்டியிருப்பான், இரண்டாவது படகு பின்பக்கத்தில் வந்து மோதியது. சரக்குச் சாமான் தூக்கும் சின்ன கிரேன் அடியோடு முறிந்து அவன்மேல் சாய்ந்தது.

ஏஞ்சலின் மருந்துப் பெட்டியோடு இறங்கி ஓடினாள். மலைச்சாமியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரும்புக்கடியில் நசுங்கிக் கிடந்தது. கால் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அவன் மண்டையிலும் அடி, கண் சொருகிச் சொருகித் திறந்தது. பக்கத்தில் கயிறு வைக்கும் அறை எரிந்துகொண்டிருந்தது, அதையொட்டிப் பெயிண்ட் டிரம்கள். பம்ப் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை. கிறிஸ்துராஜையாவது இழுப்போம் என்று அவள் இன்னும் நாலு எட்டுத் தாவிப்போய்க் குப்புறக் கிடந்தவனைப் புரட்டினாள். வாளி உருண்டது. கழுத்திலிருந்து கழிவுத்துணி பிதுங்கி வெளியே வந்தது.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. வெறி பிடித்தவள்போல அந்தப் பொம்மையை எட்டி உதைத்தாள். அது தீப்பிடித்தபடியே கம்பிக்கு அடியில் புகுந்து கடலில் விழுந்தது.

திரும்பி வந்து மலைச்சாமியின் பெல்ட்டை உருவித் தொடையில் இறுக்கிக் கட்டினாள். சுவரில் இருந்த தீயணைப்புக் கோடரியை எடுத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"வேணாம் மேடம். மேடம், வேணாம். அம்மா மேல சத்தியமா வேணாம்."

முதல் வெட்டு எலும்பில் பட்டுத் தெறித்தது. அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. இரண்டாவது வெட்டைக் கண்ணைத் திறந்துகொண்டே போட்டாள், தப்பிப்போனால் மறுபடி வெட்ட வேண்டியிருக்குமே என்று. அதற்கப்புறம் அவன் கத்தவில்லை. ரத்தம் அவள் வாய்க்குள் உப்புக் கரித்தது. அக்குளில் கைகொடுத்து அவனை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு பெயிண்ட் டிரம்கள் வெடித்தன. முறிந்த கிரேன் கிடந்த இடம் முழுவதும் தீ. காலை வெட்டியது சரியா என்று அதன்பிறகு பலர் அவளைக் கேட்டிருக்கிறார்கள். அதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது வேறு.

பம்ப் ஓடி, தீ அடங்கி, கப்பல் மூழ்காது என்று தெரிந்த பிறகு, பின்தளத்தின் மறுபக்கத்தில் கிறிஸ்துராஜ் கிடப்பதை மாலுமிகள் பார்த்தார்கள். முகமெல்லாம் கரி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எப்படி அங்கே வந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. "மலைச்சாமிதான் இவன அந்தப் பக்கம் தள்ளி விட்டுருக்கான், அதுக்கப்புறந்தான் கிரேன் விழுந்துருக்கு" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஏஞ்சலின் மட்டும் சற்றுத் தள்ளித் திறந்து கிடந்த இரும்பு மூடியைப் பார்த்தாள். கப்பலின் அடிவயிற்றிலிருந்து அவசரத்துக்கு ஏறி வருகிற ஏணியின் மூடி அது. அவன் அவ்வளவு நேரமும் கீழே புகைக்குள் கிடந்திருக்கிறான், எப்படியோ தானாக ஏறி வந்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் கால் போன மலைச்சாமிக்கு ஓடியது வரைதான் நினைவிருந்தது. அவன் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "கிறிஸ்துராஜு?" என்பது. "பொழச்சுட்டான்டா, ஒன்னாலதான்" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதும் அவன் முகத்தில் ஒரு அமைதி வந்தது. அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. தன் தப்பும் அதற்குள் பத்திரமாக மூடிக்கொண்டது என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அந்த ஒரு பொய்யின்மேல் இரண்டு குடும்பங்கள் எழும்பிவிட்டன. மலைச்சாமிக்கு ஊரில் சால்வை போட்டார்கள். ஒற்றைக்கால் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய பானுப்ரியாவின் அப்பா, "ஒரு உசுரக் காப்பாத்துன காலு" என்று சொல்லிச் சம்மதித்தார். கிறிஸ்துராஜுக்கு நுரையீரல் கெட்டுப்போய்க் கப்பல் வேலை போயிற்று. அவன் தனக்குப் பிறந்த மகனுக்கு அந்தோணி மலைச்சாமி என்று பெயர் வைத்தான். சாமியார் ஞானஸ்நானத்தின்போது ஒருமுறைக்கு இருமுறை பெயரைக் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை முடிந்ததும் கறி வாங்கிக்கொண்டு மலைச்சாமி வீட்டுக்குப் போய்விடுவான்.

ஏஞ்சலின் மறுபடி கப்பல் ஏறவில்லை. பயம் என்று சிலர் சொன்னார்கள், சொன்னவர்களில் ஒருவர் சட்டைப் பொத்தான்கள் தெறித்து வீடு திரும்பினார். காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். போர்க்காலத்தில் வணிகக் கப்பல் பணியாளர்களின் பங்கு என்பது தலைப்பு. "ஏரி, மலை, பூச்சந்தைன்னு நம்ம பக்கத்துலயே எவ்வளவோ இருக்கே" என்று ஒரு பேராசிரியர் இழுத்தார். "இந்த மாவட்டத்துலேர்ந்து எத்தன பேரு கடல்ல இருக்காங்கன்னு தெரியுமா சார்?" என்றாள். தெரியாது என்றார். "எனக்கும் தெரியாது. அதுக்குத்தான் ஆராய்ச்சி" என்றாள்.

வீடு வீடாகப் போனாள். குண்டு விழுந்த கப்பலில் தீயை அணைத்த சமையல்காரர்களும், செத்த நண்பனைக் கறி வைக்கும் குளிர் அறையில் கிடத்திவிட்டு அதே கையால் சோறு பொங்கியவர்களும் அவளிடம் பேசினார்கள். ஆயுதம் இல்லாத இந்த ஆட்கள் யுத்தத்தில் என்ன செய்கிறார்கள் என்றால், எரிவார்கள், அணைப்பார்கள், எண்ணுவார்கள், மறுபடி இஞ்சினை ஓட்டுவார்கள். எல்லாருடைய கதையையும் எழுதினாள். தன் கப்பலின் பக்கத்தை மட்டும் காலியாக வைத்திருந்தாள்.

அப்படித்தான் ஆயக்குடிக்கும் போனாள். கொய்யாத் தோப்புக்காரர் வீட்டுப் பையன் ரோஹித், கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பேசிக்கொண்டே போனை நீட்டினான்.

"ஏனுங்க மேடம், இதப் பாருங்க. எங்க கப்பலுங்க. பொம்ம கட்டி வச்சிருக்கறோமுங்க. முதுகுல பேரு பாருங்க, ரோஹித்து! நானே நிக்கற மாதிரி இல்லீங்களா?"

அவன் சிரித்தான். ஏஞ்சலின் படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெயரை மறுபடி படித்தாள். அடுத்த மாதம் அவன் அதே கடலுக்குத் திரும்பிப் போகிறான். அந்தப் பெயரைப் படித்துவிட்டு எவனாவது ஓடுவான், இல்லை, எவனுக்காகவோ இவன் ஓடுவான். அங்கேயே அவனிடம், "ஏறுன உடனே அந்தப் பேரையெல்லாம் பெயிண்ட் அடிச்சு அழிச்சுரு" என்றாள். ஏன் என்று கேட்டான். ஏன் என்று சொல்ல அவளிடம் ஒரு கதைதான் இருந்தது. அதை எழுதினால்தான் மற்றக் கப்பல்களில் இருக்கிறவர்களும் கேட்பார்கள். எழுதினால் மலைச்சாமிக்கு மிச்சமிருக்கிற ஒரே பெருமை போய்விடும். பெயரை மாற்றி எழுதினாலும் ஊருக்குத் தெரியாமலா போகும். ஆனால் அவனிடம் சொல்லாமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கிறிஸ்துராஜ் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று கிளம்பினாள். மலைச்சாமி வீட்டு வாசலில் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, பலகையில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். ஊன்றுகோல் பக்கத்தில் கிடந்தது. பானுப்ரியா தோட்டத்தில் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தவள், "வாங்கக்கா, செத்த நேரம் உக்காருங்க, காப்பி போட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

ஏஞ்சலின் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

"மலைச்சாமி, அன்னைக்கி டெக்ல கெடந்தது கிறிஸ்துராஜ் இல்ல. நீங்க கட்டுன பொம்ம. அவன் சூட்டு போட்ட பொம்ம. நான் பேரப் பாத்து ஏமாந்து ஒங்கள அனுப்பிட்டேன். ஒங்க கால வெட்டுறதுக்கு முன்னாடியே அதப் புரட்டிப் பாத்தேன். இத்தன நாளா சொல்லல."

அவன் சிரித்தான். விளையாடுகிறாள் என்று நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

கையிலிருந்த தேங்காய் பறந்து வந்து அவள் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்ததோ என்று நினைக்கும் வலி. அடுத்தது அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிப் பிளந்தது. அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்தான்.

"பொம்மையா? பொம்மைக்கா எங்காலு போச்சு?"

ஊன்றுகோல் அவள் நெற்றியில் இறங்கியது. தோல் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஏஞ்சலினின் கை பதிலுக்கு எழவில்லை. பானுப்ரியா ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். அவன் அவளையும் ஒரு தள்ளுத் தள்ளினான், காப்பித் தம்ளர் உருண்டது. "ஊரே சொல்லுதுடி! ஒங்கப்பன் அதச் சொல்லித்தான் ஒன்னக் குடுத்தான்! எல்லாம் ஒரு துணிமூட்டைக்கு!" என்று கத்தினான். மறுபடி ஓங்கினான். ஒற்றைக்கால் தாங்கவில்லை, தேங்காய் மட்டைகளின்மேல் முகம் அடிபட விழுந்தான். விழுந்தவன் எழவில்லை, முஷ்டியால் தரையைக் குத்திக் குத்தி அழுதான். முட்டியெல்லாம் தோல் உரிந்துபோயிற்று.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் நின்றது. அன்றைக்குப் பார்த்துக் கிறிஸ்துராஜ் விடியற்காலைப் பூசைக்கே போய்விட்டு வந்திருக்கிறான். கையில் கறிப்பை. இருமிக்கொண்டே உள்ளே வந்தவன் ரத்தத்தைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"ஏலே, என்னடா இது? மேடம், யாரு அடிச்சது?"

"இவன்ட்டயும் சொல்லு" என்றான் மலைச்சாமி, தரையிலிருந்து தலையைத் தூக்காமல். "எனக்குச் சொன்னத இவனுக்கும் சொல்லு."

ஏஞ்சலின் சொன்னாள். இந்த முறை குரல் உடைந்து உடைந்துதான் வந்தது. பொம்மையையும் பெயரையும் சொன்னாள், திறந்து கிடந்த இரும்பு மூடியைச் சொன்னாள். கிறிஸ்துராஜ் கறிப்பையைப் பிடித்தபடியே கேட்டான். மலைச்சாமிக்காக அவன் வருத்தப்படுவான், அவ்வளவுதான் என்றே அவள் எண்ணியிருந்தாள். அவன் மெதுவாக ஒன்று கேட்டான்.

"அப்ப நான் அம்புட்டு நேரமும் கீழயா கெடந்தேன்?"

"ஆமா."

"என்னயக் காணோம்னு தேடுனாங்கல்ல?"

"செகண்ட் இஞ்சினியர் எறங்கப் போனாரு. நான்தான் வேணாம்னு சொன்னேன். நீ கெடச்சுட்டன்னு நெனச்சேன்."

கறிப்பை கீழே விழுந்தது. அவன் இரண்டு கையாலும் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தான். நோயாளியின் கை என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷமாக மூச்சுக்குத் தவித்தவன், இன்னொருத்தியின் மூச்சை எங்கே பிடித்தால் நிற்கும் என்று தெரிந்தவன்போல நெரித்தான். "இந்த நெஞ்சு! இந்த நெஞ்சு ஒன்னாலயா!" என்று அவள் முகத்துக்கு நேராகக் கத்தினான். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பானுப்ரியா அவன் முதுகில் அறைந்துகொண்டே அலறினாள்.

மலைச்சாமி தவழ்ந்து வந்தான். கிறிஸ்துராஜின் காலைக் கட்டிப்பிடித்து இழுத்தான். அவன் உதறினான், மலைச்சாமியின் வாய் கிழிந்தது. விடாமல் ஊன்றுகோலை எடுத்து அவன் முழங்காலின் பின்பக்கம் ஓங்கி அடித்தான். கிறிஸ்துராஜும் ஏஞ்சலினும் அவன்மேலேயே விழுந்தார்கள். ஏஞ்சலின் உருண்டு விலகி, காற்றை வாயால் அள்ளி அள்ளிக் குடித்தாள். கிறிஸ்துராஜுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அது நிற்கவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முகம் நீலம் பாரித்து, தரையில் சுருண்டு இருமினான். பானுப்ரியா அவன் சட்டைப்பையைத் துழாவி, மூச்சுக்கு அடிக்கும் மருந்தை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள்.

மூச்சு திரும்பிய பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். சின்னப்பிள்ளை கேட்பதுபோலக் கேட்டான்.

"அப்ப என்னயத் தேடி யாருமே வரலையா? கீழ சாகக் கெடந்தேன். ஒருத்தங்கூடவா வரல?"

ஆராய்ச்சிக்கு ஏஞ்சலின் எழுதி வைத்திருந்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை. தன் தப்பு ஒரு காலைத்தான் தின்றது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இன்னொரு மனிதனைப் புகைக்குள் தனியாகப் போட்டுவிட்டது என்பதை அவள் தனக்குத்தானே ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. வெட்கத்திலும் துக்கத்திலும் அவள் அழுதாள்.

மலைச்சாமி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். கையை ஊன்றி நகர்ந்து கிறிஸ்துராஜின் பக்கத்தில் வந்து, அவன் தலையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"நான் வந்தேன்டா."

"நீ பொம்மைக்கு வந்த."

"பொம்மைக்கு எவன்டா ஓடுவான்? அதக் கட்டுனவனே நான். கிறிஸ்துராஜு கெடக்கான்னு காதுல விழுந்துச்சு, ஓடுனேன். தீயி எரியுது, போனா சாவேன்னு தெரியும். ஒனக்குத்தான்டா வந்தேன். காலு ஒனக்குத்தான் போச்சு."

கிறிஸ்துராஜ் மலைச்சாமியின் ஒற்றைக்கால் மடியில் நெற்றியை வைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதான். மலைச்சாமி அவன் முதுகைத் தடவிக்கொண்டே ஏஞ்சலினைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. ஆனால் ஊன்றுகோலைத் தேடவும் இல்லை.

"எழுதுங்க மேடம்" என்றான். "பொம்மைன்னே எழுதுங்க. அனுப்புனது நீங்கன்னும் எழுதுங்க. இவனத் தேடாம விட்டதையும் எழுதுங்க. ஆனா நான் யாரத் தேடிப் போனேன்னு கேட்டா, இவம்பேரத்தான் எழுதணும்."

ஏஞ்சலின் தலையாட்டினாள்.

"எடந்தான்டா தப்பிப்போச்சு" என்றான் மலைச்சாமி, மடியில் கிடந்தவனிடம்.